நிறவெறியை எதிர்த்தவர்கள் – 19: பாஸ் இல்லாமல் நடந்தவர்கள்

1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவின் அரசு மாளிகைக்கு முன்னால் 20,000 பெண்கள் திரண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். லிலியன் ங்கோயியும் ஹெலன் ஜோசப்பும் ரஹிமா மூசாவும் சோஃபியா வில்லியம்ஸும் முன்னே நடக்க, அந்தப் பெண்கள் எதிர்த்து நின்றது ஒரு புத்தகத்தை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1960 மார்ச் மாதம், அதே புத்தகத்தை முன்வைத்துத் தென்னாப்பிரிக்காவே குலுங்கியது. அந்த மாதத்தின் கடைசிப் பத்து நாட்களிலும் அதற்குப் பின்னும் நான்கு மனிதர்கள் நான்கு விதமாகத் தலைமை தாங்கினார்கள். அவர்களில் ஒருவரைத்தான் இன்று உலகம் முழுக்கத் தெரியும். மற்ற மூவரையும் அவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்காமல் இந்தத் தொடரை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்தப் புத்தகம். 1952-இல் வந்த சட்டம், பதினாறு வயது கடந்த ஒவ்வொரு கறுப்பின ஆணும் 96 பக்கமுள்ள ஒரு பதிவேட்டை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்றது. பின்னர் பெண்களுக்கும் அதை விரித்தார்கள். உள்ளே புகைப்படம் இருக்கும். வரி கட்டிய விவரமும் நகரத்தில் தங்குவதற்கான அனுமதியும் இருக்கும். வேலை கொடுத்தவர் மாதாமாதம் அதில் கையெழுத்துப் போட வேண்டும். உரிய அனுமதி இல்லாதவர் நகர எல்லைக்குள் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். பால் வாங்கத் தெருமுனைக்குப் போனவர் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டால் அன்றிரவு லாக்கப்பில்தான். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இதற்காகவே கைதானார்கள். மக்கள் அதை ‘டோம்பாஸ்’ என்றார்கள். மடத்தனமான பாஸ் என்று பொருள்.

இந்தப் பாஸை ஒழிக்க வேண்டும் என்பதில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்குள் (ஏ.என்.சி.) எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யாரோடு சேர்ந்து ஒழிப்பது என்பதில்தான் வீடு இரண்டானது.

ராபர்ட் சொபுக்வே 1924-இல் கிராஃப்-ரைனெட் என்ற சிற்றூரில் ஏழை வீட்டில் பிறந்தவர். ஹீல்ட்டவுன் மிஷன் பள்ளி, பிறகு ஃபோர்ட் ஹேர் கல்லூரி. மண்டேலாவும் படித்த அதே பள்ளி, அதே கல்லூரி. ஃபோர்ட் ஹேரில் மாணவர் பேரவைத் தலைவராக இருந்தார். 1954 முதல் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பித்தார். மெல்லிய குரலில் பேசுவார். நண்பர்கள் ‘புரொஃப்’ என்று கூப்பிடுவார்கள். வெள்ளையரும் இந்தியரும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்த கூட்டணியில் ஆப்பிரிக்கர்களின் குரல் அமுங்கிப்போகிறது என்று அவரும் அவரைச் சார்ந்தோரும் கருதினார்கள். 1955-இல் கிளிப்டவுனில் நிறைவேறிய சுதந்திர சாசனம், அந்த நாட்டில் வாழும் அனைவருக்கும் அது சொந்தம் என்றபோது, பறிகொடுத்தவனையும் பறித்தவனையும் ஒரே வரியில் நிறுத்துவதா என்று கேட்டார்கள். 1959 ஏப்ரலில் ஒர்லாண்டோவில் கூடிப் பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸைத் தொடங்கினார்கள். சுருக்கமாக பி.ஏ.சி.; சொபுக்வே அதன் தலைவர். இனங்கள் என்று பல இல்லை, மனித இனம் ஒன்றுதான் என்று அந்த மாநாட்டிலேயே பேசியவர் அவர். அவரை வெள்ளையர்மேல் வெறுப்பு கக்கியவர் என்று எழுதியவர்கள் அவர் பேச்சைப் படிக்காதவர்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஆல்பர்ட் லுத்துலி. ஏ.என்.சி.யின் தலைவர். நேட்டாலில் கரும்பு விளையும் க்ரூட்வில் கிராமத்தின் தலைவராக மக்கள் தேர்ந்தெடுத்த மனிதர். அதற்கு முன் ஆசிரியர். கிறித்தவ நம்பிக்கையில் ஊறியவர். சிறு கரும்பு விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டியவர். 1952-இல் அரசு அவரிடம், ஊர்த் தலைவர் பதவி வேண்டுமா, ஏ.என்.சி. வேண்டுமா என்று கேட்டது. ஏ.என்.சி. என்றார். பதவியைப் பறித்தார்கள். ஒரு மாதத்தில் ஏ.என்.சி. அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அன்றிலிருந்து தடை உத்தரவுகள்தான். பெரும்பாலான நாட்கள் சொந்த ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கூட்டத்தில் பேசக்கூடாது.

லுத்துலி ஏன் எல்லா இனத்தாரோடும் சேர்ந்தே போராட வேண்டும் என்று அவ்வளவு உறுதியாக நின்றார்? நேட்டாலைத் தெரிந்தால் இது புரியும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் போய் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளும் அவர்களுக்குப் பின் போனவர்களும் உழைத்த கரும்புத் தோட்டங்கள் அவருடைய ஊரைச் சுற்றித்தான் இருந்தன. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் கலவரம் மூண்டு 142 பேர் மாண்டார்கள். ஒடுக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டால் யாருக்கு லாபம் என்பதை அந்த மாகாணம் ரத்தத்தில் கற்றது. அதற்கு இரண்டாண்டு முன்பே நேட்டால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் மான்டி நாய்க்கர், ஏ.என்.சி.யின் டாக்டர் சூமா, டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் தாதூ ஆகிய மூவரும் ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. லுத்துலி அதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். நாய்க்கரும் லுத்துலியும் 1956 டிசம்பரில் 156 பேர்மீது தொடுக்கப்பட்ட தேசத்துரோக வழக்கிலும் ஒரே கூண்டில் நின்றார்கள்.

சொபுக்வேயின் கேள்வியும் வெறும் பிடிவாதம் இல்லை. நூற்றாண்டுகளாக ‘நீ தாழ்ந்தவன்’ என்று சொல்லி வளர்க்கப்பட்டவன், இன்னொருவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், எழுந்த பிறகும் மனத்தில் கூன் நிமிராது என்று அவர் நம்பினார். அவருக்கு மனத்தின் விடுதலை முதலில் வர வேண்டும். லுத்துலிக்கோ, நாளை ஒரே மண்ணில் வாழப்போகிறவர்கள் போராட்டத்திலேயே ஒன்றாக வாழப் பழக வேண்டும். அந்த நாட்டின் பிந்திய வரலாற்றைப் பார்க்கிறபோது லுத்துலி பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனாலும் 1970-களில் ஸ்டீவ் பிகோவின் கறுப்புணர்வு இயக்கம் இளைஞர்களை நிமிர்த்தியபோது, சொபுக்வேயின் கேள்விதான் வேறு பெயரில் திரும்பி வந்தது.

1959 டிசம்பரில் ஏ.என்.சி. பாஸ் எதிர்ப்பு இயக்கத்துக்கு நாள் குறித்தது: 1960 மார்ச் 31. பி.ஏ.சி. முந்திக்கொண்டது. மார்ச் 18 வெள்ளிக்கிழமை சொபுக்வே பத்திரிகையாளர்களை அழைத்து, திங்கட்கிழமை 21-ஆம் தேதி ஆண்கள் பாஸை வீட்டில் வைத்துவிட்டுக் காவல் நிலையங்களுக்குப் போய்த் தங்களைக் கைது செய்யச் சொல்வார்கள் என்று அறிவித்தார். ஜாமீன் கேட்கக்கூடாது, வழக்காடக்கூடாது, அபராதம் கட்டக்கூடாது. தலைவர்கள் முன்னால் போக வேண்டும். யாரும் எந்த வன்முறையிலும் இறங்கக்கூடாது. காவல்துறைத் தலைவருக்கும் கடிதம் எழுதினார். அழைப்பு வந்தும் ஏ.என்.சி. சேரவில்லை. போதிய தயாரிப்பு இல்லாமல் பரபரப்புக்காகச் செய்கிறார்கள் என்று அதன் தலைவர்கள் நினைத்தார்கள். தயாரிப்பு போதாது என்பது உண்மைதான். பரபரப்புக்காக என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல்கலைக்கழக வேலையை ராஜினாமா செய்துவிட்டு, மனைவியையும் நான்கு குழந்தைகளையும் விட்டுவிட்டுச் சிறைக்கு நடந்து போகிற ஒருவருக்குப் பரபரப்பினால் என்ன கிடைக்கும்?

திங்கட்கிழமை காலை சொவெட்டோவின் மொஃபோலோ பகுதியிலிருந்து சொபுக்வே புறப்பட்டார். வழியில் சிறு சிறு குழுக்கள் வந்து சேர்ந்தன. ஒர்லாண்டோ காவல் நிலையத்தை அடைந்தபோது கூட்டம் சில நூறைத் தாண்டவில்லை. ஜோஹன்னஸ்பர்க் பெருமளவில் எழவில்லை. பொறுத்திருங்கள் என்று அதிகாரி சொல்ல, வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். முற்பகலில் கைது செய்தார்கள். அதோடு முடிந்திருந்தால் அந்த நாள் ஓர் அடிக்குறிப்பாக நின்றிருக்கும்.

தெற்கே வெரீனிகிங் நகரை ஒட்டிய ஷார்ப்வில்லில் ஆயிரக்கணக்கானோர் காவல் நிலையத்தைச் சூழ்ந்தார்கள். கவச வண்டிகள் வந்தன. போர் விமானங்கள் தாழப் பறந்து மிரட்டின. கூட்டம் கலையவில்லை. பிற்பகல் ஒன்றரை மணி அளவில் போலீஸ் சுடத் தொடங்கியது. 69 பேர் இறந்தார்கள். சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. பெரும்பாலோருக்கு முதுகில் குண்டு. ஓடுகிறவர்களைச் சுட்டிருக்கிறார்கள். அன்று மாலை கேப் டவுனின் லாங்காவிலும் துப்பாக்கி முழங்கி உயிர்கள் போயின. 1966-இல் ஐ.நா. சபை மார்ச் 21-ஐ இனப்பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச நாளாக அறிவித்தது இந்தப் படுகொலையின் நினைவில்தான்.

சொபுக்வேயின் தலைமையில் இருந்த மாண்பும் குறையும் ஒரே இடத்தில் முளைத்தவை. தொண்டனிடம் கேட்பதைத் தலைவன் முதலில் தான் செய்ய வேண்டும் என்றார், செய்தார். அதனாலேயே அன்று நண்பகலுக்குள் இயக்கத்தின் மூளை முழுவதும் சிறைக்குள் போய்விட்டது. இருவரை முந்தைய நாளே வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் படுகொலைக்குப் பிறகு கொதித்துக்கொண்டிருந்த நாட்டில், மக்களிடம் அடுத்து என்ன என்று சொல்ல ஆளில்லை. ஏ.என்.சி. வேறு விதமாக யோசித்தது. தடை வரப்போகிறது என்று ஊகித்து, துணைத் தலைவர் ஆலிவர் டாம்போவை மார்ச் 27 அன்று பெச்சுவானாலாந்துக்குள் கடத்திவிட்டது. அந்த ஒரு முடிவு அந்த அமைப்பை முப்பது ஆண்டு காப்பாற்றியது. பி.ஏ.சி.யோ பொறுப்பேற்ற பொட்லாக்கோ லெபல்லோவின் வாய்ச்சவடாலாலும் உட்பகையாலும் சிதறியது. 1963-இல் மசேருவில் அவர் பத்திரிகையாளர்களிடம் எழுச்சி வரப்போகிறது என்று பேசிய சில நாட்களில், அவருடைய அலுவலகத்தில் போலீஸ் புகுந்து உறுப்பினர் பட்டியலை அள்ளிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள்.

ஷார்ப்வில் நடந்தபோது லுத்துலி, துரோக வழக்கில் சாட்சி சொல்வதற்காகப் பிரிட்டோரியாவில் இருந்தார். போட்டி இயக்கம் தொடங்கிய போராட்டம். தன் அமைப்பு அதைப் புறக்கணித்தது. ஒதுங்கி நிற்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் மார்ச் 26 அன்று தன் பாஸை எடுத்துப் பகிரங்கமாகக் கொளுத்தினார். 28-ஆம் தேதியைத் துக்க நாளாகக் கடைப்பிடித்து வேலைக்குப் போகாமல் இருக்கும்படி நாட்டை அழைத்தார். பல நகரங்கள் ஓய்ந்தன. அன்றே மண்டேலாவும் ஒர்லாண்டோவில் தன் பாஸை எரித்தார். யார் தொடங்கியது என்ற கணக்கை அந்த நேரத்தில் மறக்கத் தெரிந்ததை லுத்துலியின் பெரிய குணமாக நான் மதிக்கிறேன். இதற்காக அவர் கைதானார். ரத்த அழுத்த நோயாளியான அந்த மனிதரைச் சிறையில் அறைந்தார்கள். காவலில் இருந்தபடியே நீதிமன்றத்தில் சாட்சியத்தைத் தொடர்ந்தார்.

நான்காமவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பிலிப் கொசானாவுக்கு அப்போது வயது 23. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க வந்து, லாங்காவில் வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கும் விடுதியில் இருந்தவர். படிப்பை விட்டுவிட்டு பி.ஏ.சி. வேலையில் இறங்கினார். 21-ஆம் தேதிக்கு முந்தைய நாள் லாங்காவில் அவர் வாசித்தது சொபுக்வே அனுப்பிய அறிவுரை: வன்முறை கூடாது. அடுத்த ஒன்பது நாளும் லாங்காவிலும் நியாங்காவிலும் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. துறைமுகம் முடங்கியது. அரசு பாஸ் சட்ட அமலைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் அளவுக்கு இறங்கி வந்தது.

மார்ச் 30 விடியலில் போலீஸ் வீடு புகுந்து ஆட்களை அடித்து இழுத்தது. மக்கள் ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். கொசானா அரைக்கால் சட்டையோடு முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். டி வால் சாலை வழியே நகரத்தை நோக்கி 30,000 பேர். ஆயுதம் இல்லை. ஒரு கடைக் கண்ணாடிகூட உடையவில்லை. நாடாளுமன்றம் கூடியிருந்தது, அதைச் சுற்றி ராணுவம். மேலே ஹெலிகாப்டர். கொசானா கூட்டத்தைக் கேலடன் சதுக்கக் காவல் தலைமையகத்துக்குத் திருப்பினார். சிறையிலுள்ள தலைவர்களை விடுங்கள், நீதி அமைச்சரைப் பார்க்க வேண்டும் என்றார். கர்னல் டெர்பிளாஞ்ச் என்ற அதிகாரி, சுடாமல் பேச்சுக்கு வந்தார். கூட்டத்தைத் திருப்பி அனுப்பினால் மாலையில் அமைச்சரைச் சந்திக்க ஏற்பாடு செய்வதாக வாக்களித்தார்.

அந்த இளைஞன் போலீஸ் ஒலிபெருக்கியை வாங்கிப் பேசினான். 30,000 பேர் திரும்பி நடந்தார்கள். மாலையில் சில தோழர்களோடு அமைச்சரைப் பார்க்க வந்தவனைக் கைது செய்தார்கள். அன்றே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. லாங்காவையும் நியாங்காவையும் படைகள் சுற்றி வளைத்து வேலைநிறுத்தத்தை அடித்து நொறுக்கின.

அன்று கூட்டம் முன்னேறியிருந்தால் ஆட்சி கவிழ்ந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்பது நாளுக்கு முன்புதான் ஓடுகிறவர்களின் முதுகில் சுட்ட அரசு அது. நாடாளுமன்ற வாசலில் எத்தனை ஷார்ப்வில் நடந்திருக்கும்? அந்த மக்களை உயிரோடு வீடு சேர்த்த முடிவு சரியானது. வாக்குக் கொடுத்து ஏமாற்றிய அரசின் அவமானத்தை அந்த 23 வயதுப் பையன் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் இந்த இடத்திலும் மார்ச் 21-இன் விலை தெரிகிறது. ஒரு வார்த்தை கலந்து பேச அனுபவப்பட்ட எவரும் வெளியே இல்லை. எழுத்துமூலம் உறுதி வாங்கு, கூட்டத்தில் பாதியை நிறுத்தி வை என்று காதில் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அன்று மாலை வேறு மாதிரி போயிருக்கலாம். கொசானா பின்னர் நாட்டை விட்டு வெளியேறினார். 2017-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு டி வால் சாலைக்குக் கேப் டவுன் அவர் பெயரைச் சூட்டியது.

மண்டேலா இந்தப் பத்து நாட்களில் முன்னணியில் இல்லை. கைதான ஏறத்தாழ 18,000 பேரில் அவரும் ஒருவர். ஏப்ரல் 8 அன்று இரண்டு அமைப்புகளும் தடை செய்யப்பட்டன. மண்டேலாவின் தனித்தன்மை தெரிய, இரண்டாண்டு கழித்துப் பிரிட்டோரியா சிறைக்குப் போக வேண்டும். நாட்டை விட்டு ரகசியமாக வெளியேறியதற்காகவும் வேலைநிறுத்தத்தைத் தூண்டியதற்காகவும் ஐந்தாண்டு தண்டனை பெற்று அவர் அங்கே போனபோது, சொபுக்வே ஏற்கெனவே இருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தபால் பைகளைத் தைத்தபடி பேசினார்கள். மண்டேலா அவரை ‘புரொஃப்’ என்றே மரியாதையாக அழைத்தார். சிறையின் மோசமான நிலைமைகளை எதிர்த்துச் சேர்ந்து போராடலாமா என்பது மண்டேலாவின் கேள்வி. என்னைச் சிறையில் வைக்க இந்த அரசுக்கு உரிமையே கிடையாது, சோறு நன்றாக இல்லை என்று மனுக் கொடுத்தால் அந்த உரிமையை ஒப்புக்கொண்டதாகும் என்பது சொபுக்வேயின் நிலை. நீதிமன்றத்திலும் இதே காரணத்தால்தான் அவர் வழக்காட மறுத்து மூன்றாண்டு தண்டனையை ஏற்றார். மண்டேலா ஒப்பவில்லை. இழிவு எங்கே நடந்தாலும் அங்கேயே அதை எதிர்க்க வேண்டும் என்றார். பின்னர் ராபன் தீவுச் சிறையில் அரைக்கால் சட்டைக்குப் பதில் முழுக்கால் சட்டை, ஓரளவு நல்ல உணவு, படிக்கும் உரிமை என்று அவர் ஒவ்வொன்றாக வாதாடிப் பெற்றதன் வேர் இந்த நம்பிக்கைதான். எதிரியோடு பேசப் பேச அவனை அறிந்துகொண்டார். 1985-க்குப் பிறகு அரசோடு பேச்சைத் தொடங்கத் துணிந்த மனிதர் அந்தத் தீவில் உருவானார்.

சொபுக்வேயோடு பேச ஆளே இல்லாமல் செய்தார்கள். 1963 மே மாதம் அவருடைய தண்டனை முடியவிருந்தது. விடுதலை செய்யப் பயந்த அரசு, தண்டனை முடிந்தவரையும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்து அடைத்து வைக்க ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது. ‘சொபுக்வே பிரிவு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. வேறு எவர்மீதும் அது பயன்படுத்தப்படவில்லை. ராபன் தீவில் ஒரு சிறிய வீட்டில் ஆறு ஆண்டு தனிமை. மற்ற கைதிகள் வேலி ஓரமாகப் போகும்போது, அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் வழியவிடுவார். பேசத் தடை, இந்த மண் நம்முடையது என்று அதற்கு அர்த்தம். 1969-இல் கிம்பர்லிக்குக் கொண்டுபோய் வீட்டுக்காவலில் வைத்தார்கள். அங்கே சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1978 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. மார்ச் 21 இன்று தென்னாப்பிரிக்காவில் மனித உரிமை நாள். 1996-இல் புதிய அரசியலமைப்பில் ஜனாதிபதி மண்டேலா கையெழுத்திட ஷார்ப்வில்லைத் தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தம். அந்த விடுமுறை நாளின் பெயரில் சொபுக்வே இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை.

லுத்துலிக்கு 1960-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்கர் ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல்முறை. குறுகிய காலப் பயண அனுமதியோடு ஆஸ்லோவுக்குப் போய், 1961 டிசம்பர் 10 அன்று பரிசை வாங்கினார். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 16 அன்று, ஏ.என்.சி.யோடு தொடர்புடைய புதிய ஆயுதப் படையான ‘உம்கொன்டோ வெ சிஸ்வே’யின் முதல் குண்டுகள் ஜோஹன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் போர்ட் எலிசபெத்திலும் வெடித்தன. அதன் தலைமைத் தளபதி மண்டேலா. அந்தப் படை ஏ.என்.சி.க்கு வெளியே தனி அமைப்பாக இயங்க வேண்டும், ஏ.என்.சி. தன் அகிம்சைக் கொள்கையைக் கைவிடாது என்ற ஏற்பாடு, அதே ஆண்டின் நடுவில் டர்பனில் இரவோடு இரவாக நடந்த கூட்டத்தில் முடிவானது. தலைமை வகித்தவர் லுத்துலி. தன் செயற்குழு ஏற்கெனவே இணங்கியிருந்தும், விஷயத்தின் கனம் கருதி, கூட்டணி அமைப்புகளின் தோழர்கள் அதைப் புதிதாக விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர்கள் அகிம்சைக்காக விடியும்வரை வாதாடினார்கள். மண்டேலாவும் அவர்களும் என்னென்ன பேசினார்கள், லுத்துலி எந்த நிபந்தனையில் இணங்கினார் என்பது அடுத்த வாரம்.